தொண்ணூற்றாறு வயிற்றுக்கு ஒரு வாய்

ஐப்பசி பிறந்து பதினெட்டு நாளாகியும் ஒரு பொட்டுத் தூறல் விழாத வருஷத்தில், எங்கள் கீழநொச்சிப்பட்டியின் நூற்றுப்பத்துப் பெட்டையாடுகளுக்கு ஒரே நாளில், ஒரே கடாவைக் கொண்டு, அந்தக் கடா ஊருக்குள் கால் வைக்காமலேயே சினை பிடிக்கவைத்தார்கள். அன்றைக்கு டார்ச் அடித்துக்கொண்டு நின்றவன் நான். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் என்னால் சொல்ல முடியும். சொல்லாமல் தப்பிக்கத்தான் முடியவில்லை.

டவுனிலிருந்து எஸ்தர் என்ற டாக்டரம்மா வந்திருந்தார். பன்னிரண்டு நாளுக்கு முன்பே வந்து ஒவ்வொரு ஆட்டுக்குள்ளும் மருந்து தோய்த்த ஒரு பஞ்சை வைத்து, வால் அடியில் நூல் மட்டும் தொங்கும்படி விட்டுவிட்டுப் போயிருந்தார், ஊர்ப் பெண்கள் அந்த நூலைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வந்து எல்லா நூலையும் ஒரே காலையில் உருவி, ஊசி போட்டு, கடிகாரத்தைப் பார்த்து மணி எண்ணி, மூன்றாம் நாள் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். இரண்டு பேர் ஆட்டின் பின்னங்காலைத் தூக்கிக் குறுக்குக் கம்பில் சாத்திப் பிடிக்க, நான் டார்ச் அடிக்க, டாக்டரம்மா மெல்லிசான ஒரு குழாயை உள்ளே விட்டு ஒரு சொட்டை இறக்கிவிட்டு அடுத்த ஆடு என்பார். எங்கள் ஊரில் கடா விடுகிற நாள் என்றால் கடாவுக்கு மஞ்சள் பூசி, ஊர்வலமாகக் கொண்டுவந்து, ஆளாளுக்கு அதன் முதுகையும் பல்லையும் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் மந்தைக்குள் விடுவோம். கடாவின் முகத்தையாவது காட்டக் கூடாதா என்று பெரிய வீட்டு மந்திரமூர்த்திக் கோனார் கேட்டதும் டாக்டரம்மா செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார், இடது காது மட்டும் கறுத்த செம்மறிக்கடா, பண்ணையில் அதற்கு இருபத்தொன்றாம் நம்பர். கோனார் செல்போனைப் பார்த்துக் கும்பிட்டார். நாலு நாள் கழித்து அந்தக் கடா பண்ணையிலேயே செத்துப்போன செய்தி வந்தது, வயசாகிவிட்டதாம்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, விடிந்ததிலிருந்து வெயில் ஏறுவதற்குள், ஊரில் தொண்ணூற்றாறு குட்டிகள் விழுந்தன. தொண்ணூற்றாறுக்கும் இடது காது கறுப்பு. ஒரே நாளில் பஞ்சை உருவினால் ஒரே நாளில்தான் ஈனும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எந்த வீட்டில் எது முந்தி விழுந்தது என்பதில்தான் கொஞ்சம் சண்டை.

அன்றைக்குச் செத்த தாயாடு ஒன்றே ஒன்று, ஆவுடைத்தாயின் ஆடு. ஆவுடைத்தாய் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் போய்ப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை, விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை, சோளத்தட்டை வேய்ந்த ஒற்றைக் குடிசை. அவளிடம் இருந்தது அந்த ஓர் ஆடுதான். எங்கள் ஊரில் ஒற்றை ஆட்டு வீடு முறைக்குச் சேராது. முறை என்றால், ஊர் ஆடுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து நாளைக்கு ஒரு வீடு மேய்த்துவருவது. யாருடைய முறை என்பதை வாயால் சொல்ல மாட்டோம், கைப்பிடியில் எண்ணெய் ஏறிக் கறுத்த ஒரு கருவேலங்கம்பு உண்டு, அதற்கு முறைக்கம்பு என்று பேர், அந்தி சாயும்போது இன்றைக்கு மேய்த்தவர் அதைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டு வந்துவிடுவார், சாத்தப்பட்ட கம்பை வேண்டாம் என்று சொன்னவர் எங்கள் ஊரில் இதுவரை இல்லை. புருஷன் இருந்த காலத்தில் அவள் வாசலுக்கும் அந்தக் கம்பு வந்தது. அவன் போய் ஆடுகளும் போய் ஒன்றே ஒன்று மிஞ்சிய பிறகு கம்பு என் வாசலிலிருந்து அவள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. பதினோரு வருஷமாக அவள் தன் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாகவே மேய்த்தாள். கம்பு தாண்டிப் போவதை ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று பார்ப்பாள். அது எனக்குத் தெரியும்.

தாய் செத்த குட்டி ஒரு நாள் தாங்கும், மிஞ்சினால் ஒன்றரை நாள். ஆவுடைத்தாய் அதை மடியில் போட்டுக்கொண்டு அது சாவதற்காகக் காத்திருந்தாள். இரண்டு நாள் ஆயிற்று. பால் குடிக்காத குட்டி துள்ளி விளையாடியது. அவள் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினாள், என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். ஆட்டின் இடது பக்கத்தில் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது, மேய்ந்த ஆட்டுக்கு அது மேடு தட்டும், பட்டினி ஆட்டுக்கு உள்வாங்கும், ஆடு வைத்திருப்பவன் கை சாயங்காலமானால் தானாகவே அந்த இடத்துக்குப் போகும். நான் தொட்டுப் பார்த்தேன். குழி மேடு தட்டியிருந்தது. என் வீட்டுக் குட்டிகள் இரண்டும் அப்போதுதான் தாயிடம் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன.

எட்டாம் நாள் அவள் குட்டி வேலிக்கருவை முள்ளை மிதித்தது. அந்த நேரம் ஊரில் தொண்ணூற்றாறு குட்டிகளும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றன, எல்லா வீட்டிலும் முள்ளைத் தேடினார்கள், ஆவுடைத்தாய் ஊக்கால் அந்த முள்ளை எடுத்ததும் எல்லாம் காலை ஊன்றின. அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வந்தது ஒரே உயிர், கடா நேரில் வந்திருந்தால் ஆட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கும், ஐஸ் பெட்டியில் வந்ததால் பிரிக்க ஆளில்லாமல் மொத்தமாகவே இறங்கிவிட்டது என்று மந்திரமூர்த்திக் கோனார் விளக்கம் சொன்னார். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை, ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது, பழகிக்கொள்வதுதான் காரியம். பழகிக்கொண்டோம். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள்கூட ஒருத்தர் தொழுவை ஒருத்தர் கூட்டிவிட்டார்கள், எந்த முள் யார் குட்டிக்கு என்று யார் கண்டது. டாக்டரம்மா வந்து ஒரு குட்டிக்குத் தடுப்பூசி போட்டார், தொண்ணூற்றாறும் துள்ளின, அவர் மிச்ச ஊசிகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், அதை எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுப் பதில் வந்தது.

ஆவுடைத்தாய் மட்டும் வீடு வீடாகப் போனாள். தன் குட்டி குடித்ததெல்லாம் உங்கள் ஆட்டுப் பால், ஊர்ப் பால் குடித்து வளர்கிற குட்டி, இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேனோ தெரியவில்லை என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். அதெல்லாம் ஒன்றுமில்லை போம்மா என்று நாங்கள் பெருந்தன்மையாகச் சிரித்தோம். எங்களுக்கு அதில் ஒரு செலவும் இல்லையே.

ஆனி பிறப்பதற்குள் குட்டிகள் பால் மறந்தன. கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது, புல் என்று சொல்லச் சுடுகாட்டுப் பக்கம்கூட ஒன்றும் இல்லை. பெரிய ஆடுகளை எல்லாம் பஞ்ச காலத்தில் செய்வதுபோல், ஊர் ஊராகக் கிடை போட்டு மேய்க்கும் கீதாரியிடம் ஒப்படைத்து ஆற்றுப் பக்கம் மேய்ச்சலுக்கு அனுப்பினோம். குட்டிகளை அனுப்ப முடியவில்லை, போகிற வழியில் ஒன்று லாரியில் அடிபட்டாலும் தொண்ணூற்றாறும் போய்விடும். அவற்றுக்கு என்ன போடுவது என்று ஊர் மந்தைத் திடலில் கூடிப் பேசினோம். பேச்சு நெடுநேரம் ஓடிய பிறகு, ஒன்று தின்றால் எல்லாம் தின்றதுதானே என்று யாரோ சொல்ல, எல்லாரும் ஒன்றாகச் சிரித்துவிட்டோம்.

அப்படித்தான் முறை வந்தது. குட்டிக்கு ஒரு நாள், ஆக மொத்தம் தொண்ணூற்றாறு நாள். கம்பு எந்த வாசலில் இருக்கிறதோ அந்த வீடு தன் குட்டிக்கு வயிறு முட்டப் போட வேண்டும், மற்றவர்கள் சும்மா இருக்கலாம், சாயங்காலம் அவரவர் குட்டியின் இடது குழியைத் தொட்டுப் பார்த்து முறைக்காரர் போட்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். பெரிய வீட்டுக்குப் பதினொரு குட்டி, முதல் பதினொரு நாள் அவர்களுக்கு. அப்படியே தெரு சுற்றிக் கடைசியில் என் வீட்டுக்கு இரண்டு நாள், தொண்ணூற்றாறாவது நாள் ஆவுடைத்தாய். குட்டிக் கணக்கில் ஒற்றை ஆட்டு வீடு என்று தள்ள வழியில்லை, ஏனென்றால் அவளுடையது தின்னாவிட்டாலும் சாவது எல்லாமும்தான். உனக்கும் உண்டும்மா முறை என்று கோனார் சொன்னபோது அவள் எழுந்து நின்று சபையைக் கும்பிட்டாள். மறுநாளே வாசலில் கம்பு சாத்துகிற இடத்தை மண் குழைத்து மெழுகிவிட்டாள், தொண்ணூற்றைந்து நாள் கழித்து வரப்போகிற கம்புக்கு.

சுகமான நாட்கள் அவை, மறைப்பதற்கில்லை. குட்டிகள் தளதளவென்று இருந்தன. ஆண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனோம், பெண்கள் மத்தியானம் கால் நீட்டிப் படுத்தார்கள், பஞ்சத்தில் இப்படி ஒரு நிம்மதி எந்த ஊருக்கும் கிடைத்ததில்லை என்று பேசிக்கொண்டோம்.

இருபத்து மூன்றாம் நாள் கம்பு சீனியம்மாள் வீட்டில் இருந்தது. சீனியம்மாள் நல்லவள், கெட்ட நினைப்பு கிடையாது. காலையில் அவள் அண்ணன் செத்துப்போன சேதி வந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஓடிவிட்டாள், முறை என்ற ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. மத்தியானம் ஆவுடைத்தாய் குட்டியைத் தொட்டுப் பார்த்தாள், குழி உள்வாங்கியிருந்தது. தெருவில் இறங்கி நடந்து சீனியம்மாள் வீட்டில் பூட்டும், பூட்டுக்குப் பக்கத்தில் கம்பும் இருப்பதைப் பார்த்தாள். யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், நேற்று முறைக்குள் வந்தவள் இன்றைக்கு ஊரை வேவு பார்க்கிறாள் என்பார்கள், பூசல் கிளம்பும், பூசல் கிளம்பினால் முறை கலையும், முறை கலைந்தால் தன் வாசலுக்குக் கம்பு வராது. இதைப் பின்னால் அவளே என் மனைவியிடம் சொன்னாள். அவளிடம் போடத் தீவனம் ஏதும் இல்லை. கூரை தாழ்வாரத்திலிருந்து ஒரு கை தட்டையை உருவினாள், புகை படிந்து கறுத்த மூன்று வருஷத்துத் தட்டை, அதைத் தட்டி ஒடித்துக் கஞ்சித்தண்ணீர் தெளித்து வைத்தாள். குட்டி தின்றது. ஊர்ப் பால் குடித்த கடனில் ஒரு வாய் கழிந்தது என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்ததாம்.

சாயங்காலம் சீனியம்மாள் நினைவு வந்து பதறிக்கொண்டு ஓடிவந்து குட்டியைத் தொட்டாள். குழி மேடாக இருந்தது. அவளுக்குப் புரியவில்லை. தன் ஓரகத்தியிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொன்னாள். மறுநாள் முறை அந்த ஓரகத்திக்கு. போடாமல் இருந்துதான் பார்ப்போமே என்று அவள் மத்தியானம்வரை இருந்து பார்த்தாள், மேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே இருந்துவிட்டாள். அவள் ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள், யாரிடமும் சொல்லாதே என்று. இப்படி ஒவ்வொரு வீடும் ஒரு வீட்டிடம் மட்டும் சொல்லி, ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக மடியில் கட்டிக்கொண்டு, தன் ஒரு நாள் தவறினால் என்ன, மற்றவர்கள்தான் போடுகிறார்களே என்று இருந்தோம். கம்பு மட்டும் ஒரு நாள் தவறாமல் வாசல் வாசலாக நடந்தது.

ஆவுடைத்தாயின் கூரை தேய்ந்துகொண்டே வந்தது. ஆடியில் தாழ்வாரம் போயிற்று, ஆடிக்காற்று பிய்த்துவிட்டது என்று நினைத்தோம். ஆவணியில் மேற்குச் சரிவு போயிற்று, அடுப்பெரிக்க எடுக்கிறாள் போல என்று என் மனைவி சொன்னாள். எங்கள் வீட்டுத் திண்டில் உட்கார்ந்து பார்த்தால் அவள் வீட்டுக்குள் அடுப்பும் பானையும், மடியில் குட்டியை வைத்துக்கொண்டு அவளும் தெரிந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது செய்யவேண்டி வந்துவிடும் என்று உள்ளே எங்கேயோ எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் ஆட்டு வியாபாரி மீராசா பாய் வந்தார். ஒன்றை அறுத்தால் எல்லாம் செத்துவிடும் என்பதால் தீபாவளிக்கு மொத்தத்தையும் ஒரே நேரத்தில் அவரிடம் ஒப்படைப்பதாகப் பேச்சு, அதற்கு முன்பு ஒரு தடவை பார்த்துப்போக வந்தார். கோனார் தன் குட்டியின் வயிற்றைத் தட்டிக் காட்டினார். மீராசா பாய் வயிற்றைப் பார்க்கவே இல்லை. வளர்க்கிறவன் கை வயிற்றுக்குப் போகும், அறுக்கிறவன் கை முதுகுக்குப் போகும். அவர் இரண்டு விரலை முதுகுத்தண்டில் வைத்து, இடுப்பிலிருந்து கழுத்துவரை மெதுவாக நகர்த்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"வயித்தத் தடவாதீக அண்ணாச்சி. முதுகத் தொட்டுப் பாருங்க. இது தின்ன ஆடு இல்ல, அடைச்ச ஆடு."

தொட்டுப் பார்த்தோம். மூன்று மாதமாக எங்கள் கை போகாத இடத்தில் எலும்பு கத்தி மாதிரி நின்றது. மீராசா பாய் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே மந்தையில் ஊர் கூடியது. முறைக்கம்பை நடுவில் நட்டு வைத்து, வீட்டுக்கு ஒருவராக வந்து கம்பைத் தொட்டு, எங்கள் நாளில் நாங்கள் போட்டோம் என்று சொல்லவேண்டியது என்றார் கோனார். வரிசையாக வந்தார்கள், வரிசையாகத் தொட்டார்கள், வரிசையாகச் சொன்னார்கள். கோனாரும் தொட்டுச் சொன்னார், அவர் வரைக்கும் அது நிஜம். சீனியம்மாள் தொட்டுச் சொன்னாள். என் முறை இன்னும் வராததால் நான் தொடவேண்டியிருக்கவில்லை, தொட்டவர்களை எல்லாம் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் முடித்த பிறகு, கூப்பிடாமலேயே ஆவுடைத்தாய் எழுந்தாள்.

"எழுவது நாளா நாந்தான் போடுதேன். வேற யாரும் போடல. ஏங் கூரையத்தான் போட்டேன்."

அவள் குற்றம் சொல்வதுபோல் சொல்லவில்லை, கடனில் இவ்வளவு அடைத்துவிட்டேன் என்பதுபோல்தான் சொன்னாள். எழுபது நாளாகத் தனித்தனியே ஒளித்து வைத்திருந்த ஒன்று எல்லார் மடியிலிருந்தும் ஒரே சமயத்தில் கீழே விழுந்துவிட்டது. சீனியம்மாள்தான் பேசினாள், அழுதுகொண்டே பேசினாள்.

"நீ போடாம இருந்திருந்தா நாங்க போட்டிருப்போமே தாயி."

அது நிஜம்தான். அவள் சும்மா இருந்திருந்தால் அன்றைக்கே இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம் தொண்ணூற்றாறு குழியும் உள்வாங்கியிருக்கும், சீனியம்மாள் மாட்டிக்கொண்டு தலைகுனிந்திருப்பாள், ஊர் ஒரு நாள் வைது தீர்த்திருக்கும், அதன் பிறகு ஒரு வீடு தவறியிருக்காது. ஆவுடைத்தாய் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அவள் அதை நம்பினாள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தன் கையால்தான் இத்தனைக்கும் கேடு வந்தது என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டாள்.

கோனார் தீர்ப்புச் சொன்னார். நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் முறை யாருடையதோ அவர்தான் போட வேண்டும், அடுத்தவர் நாளில் கை வைப்பது அந்த வீட்டுக்கு அவமானம், ஆவுடைத்தாய் தன் நாள் வரும்வரை ஒரு துரும்பும் போடக் கூடாது. அவளிடம் திரும்பி, உன் நாளுக்கு இன்னும் மூணு நாள்தாம்மா, அன்னைக்கு நீ ராணி மாதிரி போடு என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

தொண்ணூற்று நான்கும் தொண்ணூற்றைந்தும் என் நாட்கள்.

என் வீட்டுப் பரண்மேல் இரண்டு கட்டுக் கடலைக்கொடி இருந்தது. சினைப்பசுவுக்கு என்று வைத்திருந்தது. தொண்ணூற்று நான்காம் நாள் காலையில் ஒரு கட்டைக் கீழே இறக்கினேன். இறக்கி வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டைப் பார்த்தேன். ஆவுடைத்தாயின் முகட்டில் இன்னும் ஒரு முழத்துக்குத் தட்டை மிச்சமிருந்தது. அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது, எப்படியும் ஒரு கை போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கட்டைத் திரும்பப் பரணில் ஏற்றினேன். மத்தியானம் அவள் என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, போட்டாச்சா?"

"சாயந்தரம் போடுதேன் தாயி. நீ போ."

அவள் நம்பிப் போனாள். சாயங்காலம் நான் போடவில்லை. மறுநாளும் கட்டை இறக்கவில்லை, அவளும் வந்து கேட்கவில்லை. கேட்டால் அடுத்தவர் நாளில் கை வைத்ததாகிவிடும் என்று நினைத்திருப்பாள். தொண்ணூற்றைந்தாம் நாள் அந்தியில் என் குட்டிகளைத் தொட்டபோது குழி கிண்ணம் மாதிரி உள்ளே போயிருந்தது. கம்பை எடுத்துக்கொண்டு போய் அவள் மெழுகி வைத்திருந்த இடத்தில் சாத்தினேன். அவள் உள்ளேயிருந்து வந்து கம்பை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பதினோரு வருஷம் கழித்து வந்த கம்பு. அவள் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

தொண்ணூற்றாறாம் நாள் விடிந்தபோது அவள் வீட்டில் அவள் இல்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு, கண்மாய் தாண்டி, கரிமூட்டங்கள் தாண்டி, ஏழு மைலுக்கு அந்தப் பக்கம் கிணற்றுப் பாசனம் இருக்கிற ஊருக்கு நடந்து போய், யார் தோட்டத்திலோ கெஞ்சி ஒரு சுமை பச்சை அகத்தி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் திரும்பி வந்தாள். அவ்வளவு பச்சையை நாங்கள் அந்த வருஷம் பார்க்கவே இல்லை. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. குட்டி படுத்துக் கிடந்தது. அவள் அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, ஒரு கொத்தை உருவி வாயில் வைத்தாள். குட்டி அதைப் பல்லால் பிடித்துக்கொண்டது. மெல்லவில்லை. அவள் தாடையைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள், தின்னு என்று மெதுவாகச் சொன்னாள், இன்னைக்கு நம்ம முறை, தின்னு என்றாள். அது அவளைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது.

அதே நேரத்தில் என் தொழுவில் இரண்டும் போயின. பெரிய வீட்டில் பதினொன்றும் போயின. ஊரில் தொண்ணூற்றைந்து வாயும் எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் பாதி திறந்தபடி இருந்தன, அந்த வாய்களில் ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா வந்து ஒரு குட்டியை மட்டும் அறுத்துப் பார்த்தார், மற்றதை அறுக்கத் தேவையில்லை என்று அவருக்கே தெரியும். அது என் வீட்டுக் குட்டி. இரைப்பையில் கரி வாசனையோடு கறுப்புத் தட்டை திப்பியாக இருந்தது, நடுவே கூரை வேயும்போது போடுகிற கயிற்று முடிச்சு ஒன்று அவிழாமல் கிடந்தது. இது என்ன, எங்கேயிருந்து வந்தது என்று அவர் கேட்டார். எல்லாவற்றையும் கண்மாய்க்குள் ஒரே குழியில் புதைத்தோம்.

பொழுது சாய்ந்ததும் ஆவுடைத்தாய் எழுந்தாள். கம்பை எடுத்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க நடந்து போய், அடுத்த முறைக்காரரான பெரிய வீட்டு வாசலில் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். சாத்திய கம்பை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் வழக்கமில்லை. மறுநாள் கோனார் அதை வைத்துக்கொண்டு பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தார். பதினொரு நாள் அப்படி உட்கார்ந்திருந்துவிட்டுப் பன்னிரண்டாம் நாளுக்கு அடுத்த வீட்டில் சாத்தினார்.

ஐப்பசியில் மழை கொட்டியது, பிந்தி வந்தாலும் கொட்டித் தீர்த்தது. ஆவுடைத்தாய் கரிமூட்டத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிளாஸ்டிக் தாளைத் தலைக்குமேல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எந்த வீட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. தையில் சோளம் அறுத்ததும் ஊர் பேசிவைத்து வீட்டுக்கு ஒரு கட்டுத் தட்டை என்று தூக்கிக்கொண்டு அவள் கூரையை வேயப் போனோம். என் தோளில் இரண்டு கட்டு. வாசலில் நாங்கள் இறக்கி வைத்த புதுத் தட்டையை அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னைக்கு யாரு முறை?"

சீனியம்மாள் முறை என்று எங்களில் யாரோ முனகினார்.

"அப்ப அங்க கொண்டு போடுங்க. இங்க எதுக்கு?"

கொண்டுபோய்ப் போட்டோம், வேறு என்ன செய்வது. அன்றிலிருந்து கம்பு வாசல் வாசலாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஊரில் இப்போது ஓர் ஆடு இல்லை, கீதாரியிடம் போனதை எல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டோம், டாக்டரம்மாவும் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். ஆனாலும் கம்பு வந்த வீடு விடிவதற்குள் வயல்வெளிக்குப் போய் ஒரு வயிற்றுக்கு வேண்டிய பச்சையை அறுத்துவந்து கம்புக்கு முன்னால் போட்டு வைக்கிறது. இந்த நாலு வருஷத்தில் ஒரு வீடும் ஒரு நாளும் முறை தவறியதில்லை. தொண்ணூற்றாறு நாளுக்கு ஒரு தடவை அது கூரையில்லாத அந்த வீட்டுக்கும் போகிறது, அவளும் ஏழு மைல் நடந்து போய் அகத்தி கொண்டுவருகிறாள்.

இன்றைக்குக் கம்பு என் வாசலில் இருக்கிறது, தொண்ணூற்றைந்தாம் நாள். பரணிலிருந்து ஒரு கட்டுக் கடலைக்கொடியை இறக்கிப் போட்டிருக்கிறேன். பொழுது சாய்ந்தால் கம்பை அடுத்த வீட்டில் சாத்த வேண்டும்.